மெத்துனு ஒரு மெத்தை வேணுமா ஸார்?

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. பயப்படாதீர்கள், பொது அறிவு சம்பந்தப்பட்டது இல்லை.

கையில் வைத்திருக்கிற செல்போன் என்ன விலை? டக்கென்று சொல்லிவிடுவீர்கள். போன மாசம் வாங்கின ஷூ? அதுவும் ஞாபகம் இருக்கும், எத்தனை பர்சென்ட் தள்ளுபடி என்பது உட்பட. சரி, தினம் ராத்திரி போய் விழுகிறீர்களே... அந்த மெத்தை என்ன விலை?

''மெத்தையா? அது ரூமோட வந்தது ஸார்!''

ஒன்பது வருஷம் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் குப்பை கொட்டியவன் நான். இந்தப் பதிலை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ரூமோடு ஒரு ஃபேன் வரும். ஒரு பக்கெட் வரும். நாலைந்து கரப்பான்பூச்சிகள் வரும். அந்த வரிசையில் ஒரு மெத்தையும் வரும். நமக்கு முன்னால் அதில் யார் யார் படுத்தார்கள், எந்தெந்தப் பரீட்சைக்குப் படித்தார்கள், எந்தக் காதலில் தோற்றுக் குப்புற விழுந்து அழுதார்கள்... எல்லாம் அந்த மெத்தைக்கே வெளிச்சம். நடுவில் ஒரு பள்ளம் மட்டும் நிச்சயம் இருக்கும். அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து நமக்காக விட்டுவிட்டுப் போன பொதுச்சொத்து அது!

ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 60 வயசு வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுசாக 20 வருஷம் படுக்கையில்! ஆபீஸ் நாற்காலியில்கூட அத்தனை வருஷம் உட்காரப் போவதில்லை. அந்த நாற்காலி சரியில்லை என்றால் மேனேஜர் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிற நாம், மெத்தை விஷயத்தில் மட்டும் புத்தர் மாதிரி பொறுமை காக்கிறோம்.

சரி, புது மெத்தை வாங்கச் சொல்லப் போகிறாயாக்கும் என்று பர்ஸைத் தொட்டுப் பார்க்காதீர்கள். வாங்காமலே படுக்கையை மெத்தென்று ஆக்க முடியும் என்பதுதான் விஷயம். எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் மேன்ஷனுக்குப் பின்பக்கச் சந்தில் மெத்தைக் கடை வைத்திருந்த பெரியவர்.

கடை என்றதும் கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., டை கட்டின ஸேல்ஸ்மேன் என்று கற்பனை பண்ணாதீர்கள். ஒரு தையல் மெஷின், ஒரு தராசு, மூட்டை மூட்டையாகப் பஞ்சு. நடுவில் பெரியவர். தலை, மீசை, புருவம் எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எது பஞ்சு, எது நரை என்று கிட்டே போய்ப் பார்த்தாலும் தெரியாது. நாற்பது வருஷ அனுபவத்தை ஒரே வரியில் சொன்னார்:

''மேல மெத்து, கீழ கெட்டி. அவ்வளவுதான் தம்பி மெத்தை! நம்ம ஆளுங்க இதைத் தலைகீழாப் பண்ணிட்டு, தூக்கம் வரலைன்னு மாத்திரை சாப்பிடுறாங்க.''

கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் படுக்கும்போது உடம்பு முழுக்க ஒரே சீராக மெத்தையில் பதிவதில்லை. தோளும் இடுப்பும் கனம். அவை கொஞ்சம் அமுங்க வேண்டும். முதுகின் கீழ்ப்பக்கம் உள்வளைந்து இருக்கிறது. அதை ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். படுக்கை வெறும் பலகையாக இருந்தால் தோளும் இடுப்பும் மட்டும் குத்துப்பட்டு, நடுமுதுகு அந்தரத்தில் நிற்கும். ஒரேயடியாகக் கொழகொழவென்று இருந்தாலோ இடுப்பு உள்ளே போய், நாம் தூளியில் கிடக்கிற குழந்தை மாதிரி வளைந்துவிடுவோம். குழந்தைக்குச் சரி, இருபத்தெட்டு வயசு அக்கவுண்டன்ட்டுக்கு முதுகு கேள்வி கேட்கும்!

ஆக, மென்மை என்பது முழு மெத்தையின் குணம் இல்லை. மேலே இருக்க வேண்டிய ஒரு அடுக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

ரெண்டு லட்சம் வருஷ ரகசியம்!

பெரியவர் சொன்ன வாக்கியத்துக்கு வயசு என்ன தெரியுமா? 2,00,000 வருஷம்! தென்னாப்பிரிக்காவில் 'பார்டர் கேவ்' என்று ஒரு குகை. அங்கே ஆதி மனிதன் போட்டிருந்த படுக்கையைத் தோண்டிக் கண்டுபிடித்து 2020-ல் அறிவித்தார்கள். அடியில் சாம்பல், அதன் மேல் அடர்த்தியாகப் புல். சாம்பல் எதற்கு? ஊர்ந்து வருகிற பூச்சிகள் அண்டாமல் இருக்க. அதே நாட்டில் 'சிபுடு' என்கிற இன்னொரு குகையில் 77,000 வருஷத்துக்கு முந்தின படுக்கை கிடைத்தது. கோரையைப் பரப்பி, அதன் மேல் பூச்சியை விரட்டுகிற வாசனை இலைகளைத் தூவியிருக்கிறார்கள். பிற்பாடு அங்கே வாழ்ந்தவர்கள் பழைய படுக்கையை அவ்வப்போது எரித்துவிட்டுப் புதுசாகவும் போட்டுக்கொண்டார்களாம்.

குகை மனிதனே படுக்கையை மாற்றியிருக்கிறான். நாம் தலையணை உறையை மாற்றி எத்தனை நாளாச்சு? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள்.

நம்ம ஊர்க் கதை இதைவிட ருசியானது. மோசிகீரனார் என்று ஒரு சங்கப் புலவர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பார்க்க நடந்து நடந்து களைத்துப்போய் அரண்மனைக்கு வருகிறார். அங்கே முரசு வைக்கிற கட்டில். முரசைக் கழுவ எடுத்துப் போயிருந்ததால் கட்டில் காலி. மேலே பூவாக ஒரு விரிப்பு. பார்த்தார் புலவர். படுத்தார். தூங்கியே போய்விட்டார்! அந்தக் கட்டிலில் ஏறினால் வெட்டுதான் தண்டனை. ராஜாவோ வாளை ஓங்காமல் விசிறியை எடுத்து வீசினார். புறநானூற்றின் 50-ஆம் பாட்டில் புலவரே இதைச் சொல்கிறார். அந்தப் படுக்கையின் மென்மைக்கு அவர் சொல்கிற உவமை என்ன தெரியுமா? எண்ணெயின் நுரை! நுரைக்கு இங்கிலீஷில் என்ன? ஃபோம்! ஃபோம் மெத்தையை முதலில் பாடினவன் தமிழன்தான் என்று தாராளமாகக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். கவனித்தீர்களா... அங்கேயும் கீழே கட்டில், மேலே நுரை. மேல மெத்து, கீழ கெட்டி!

ஆண்டாள் திருப்பாவையில் 'பஞ்ச சயனம்' வருகிறதே, அது ஐந்து வகைப் பொருளால் ஆன படுக்கை என்பார்கள். இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தின் தூவி. அன்னத்தைத் தேடி நாம் எங்கே போவது? இலவம்பஞ்சு மட்டும் இன்றைக்கும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. தேனி மாவட்டத்துப் போடிப் பக்கம் போனால் இலவமரம் பார்க்கலாம்; மெத்தை, தலையணை தைக்கிற தொழிலும் அங்கே உண்டு.

'இலவு காத்த கிளி' கதை தெரியுமில்லையா? காய் பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருந்தது. காய் வெடித்தது, பஞ்சு பறந்தது. கிளிக்கு ஏமாற்றம், நமக்கு மெத்தை!

இந்தப் பஞ்சின் விசேஷம், அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே ஓட்டையான குழாய். குழாய்க்குள் வெறும் காற்று. மேலே மெழுகு பூசினாற்போல் வழவழப்பு. தண்ணீர் சட்டென்று ஒட்டாது. இந்தக் குணத்தால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் இதைத் திணித்தார்கள். ஆனால் இழை குட்டை, வழுக்கும், மடக்கினால் ஒடியும். தனியாக நூல் நூற்று வேட்டி நெய்யத் தோதுப்படாது. வேறெதற்கும் லாயக்கில்லாதவன் மாதிரி தெரிந்தவன் மெத்தைக்குள் போய் ராஜா ஆகிவிட்டான்!

ஆக, இலவம்பஞ்சு மெத்தையில் நாம் படுப்பது பஞ்சின் மேல் அல்ல, காற்றின் மேல். நாளாக நாளாக ஈரமும் வியர்வையும் நம் கனமும் சேர்ந்து பஞ்சைக் கட்டியாக்கும். காற்று வெளியே போய்விடும். மெத்தை பலகையாகிவிடும். அதற்கு வைத்தியம், மறுபடி காற்றை உள்ளே கொண்டுவருவது. எப்படி? வெயிலில் போடுவது, அடிப்பது, பிரித்துக் கொட்டித் திரும்பத் தைப்பது. அவ்வளவுதான்!

அண்ணாச்சி, இடுப்பு போச்சு!

என் பக்கத்து ரூமில் சங்கரன்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. சம்பளத்தில் முக்கால்வாசி ஊருக்குப் போய்விடும். தங்கச்சி கல்யாணக் கடன். காலையில் அவன் எழுந்து வருவதைப் பார்த்தால் வயசு இருபத்தாறு என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வருவான்.

''அண்ணாச்சி, எந்திக்கும்போதே இடுப்பு கழண்டு போவுது. ராத்திரி நாலு தடவை முழிப்பு. ஆபீஸ்ல மத்தியானம் கண்ணு சொருகிருது. கூட்டல் ரெண்டு வாட்டி தப்பாப் போயி மெமோ குடுத்துட்டாவ. மூணாவது வந்தா வீட்டுக்குத்தான்...''

''மெத்தையை மாத்துப்பா.''

''மெத்தையில படுக்கதுக்கு நாம என்ன ஜமீனா? எங்கய்யா கட்டாந்தரையில படுத்துதான் அஞ்சு பிள்ளைகளக் கரை சேத்தாவ. முதுகுவலிக்குத் தரைதான் நல்லதுன்னு ஊரே சொல்லுதே!''

ஊர் சொல்வது நிஜம். முதுகுவலி என்றால் கட்டாந்தரை, மரப்பலகை என்று டாக்டர்களே சொன்ன காலம் உண்டு. இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள் ஸ்பெயினில். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேர். பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது என்பது படுத்தவருக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் படுக்கையில் வலியும், எழுந்திருக்கும்போது வலியும் அதிகம் குறைந்திருந்தது. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. தரையில் படுத்து சுகமாக இருக்கிறவர்கள் தாராளமாகப் படுக்கலாம்; ஆனால் வலியோடு இருக்கிறவன் வீம்புக்குக் கட்டாந்தரையில் கிடக்க வேண்டியதில்லை.

தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கடையை விட்டு நேரே ரூமுக்கு வந்தார். மெத்தையைத் தொடவே இல்லை. அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கட்டிலைத் தட்டினார். இரும்புக் கட்டில். நடுவில் ரெண்டு பட்டை தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

''வியாதி இங்க இருக்கு. நீங்க மெத்தைக்கு மருந்து குடுக்கிறீங்க'' என்றார்.

கட்டில் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை வாங்கிப் போட்டோம். கீழே கெட்டி ஆயிற்று. அடுத்து மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் ஒரு பக்கத் தையலைப் பிரித்தார். உள்ளே பஞ்சா இருந்தது? கொழுக்கட்டை! கட்டி கட்டியாக வந்து விழுந்தது. நடுநடுவே ரெண்டு சட்டைப் பித்தான், ஒரு பஸ் டிக்கெட், ஒரு எட்டணாக் காசு. முன்னோர் சொத்து!

பஞ்சை வெயிலில் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மூடினார். சாயந்திரம் வரை காய்ந்தபின் பிரம்பால் அடித்தார். அடிக்க அடிக்க அந்தக் கொழுக்கட்டைகள் பிரிந்து, உப்பி, ஒரு கூடை பஞ்சு மூன்று கூடையாக வளர்ந்ததைப் பார்த்துத் தம்பி வாயைப் பிளந்துவிட்டான். பொடியாகிப்போனதைச் சலித்து ஒதுக்கினார். அதற்கு ஈடாகக் கொஞ்சம் புதுப் பஞ்சு. உறையைத் துவைத்துக் காயவைத்து மறுபடி திணித்து, கோணி ஊசியால் அங்கங்கே இழுத்து முடிச்சுப் போட்டார்.

''அந்த முடிச்சு எதுக்கு?''

''நீங்க பொரளும்போது பஞ்சு ஓரத்துக்கு ஓடாம இருக்க. இல்லேன்னா மறுபடி நடுவுல குளம் வெட்டிருவீங்க!''

அன்றைக்கு ராத்திரி தம்பி அதில் படுக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: ''அண்ணாச்சி, எங்கய்யாவுக்கு ஒண்ணு தைச்சு அனுப்பணும். அவுகளுக்கும் முதுகு வலிக்கும்லா? கேட்டா இல்லம்பாவ...''

மெத்தை மாறியதும் அவனுக்குப் பிரமோஷன் வந்தது, போனஸ் வந்தது என்றெல்லாம் கதைவிட மாட்டேன். மூன்றாவது மெமோ வரவில்லை. அவன் வீட்டுக்கு அதுவே பெரிய விஷயம்!

உங்களுடையது எந்த ரகம்?

''எங்கிட்ட இருக்கிறது பஞ்சு மெத்தை இல்லையே?'' என்கிறீர்களா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேங்காய் நார் மெத்தை: நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூடாக்கிச் செய்வது. உள்ளே காற்றோட்டம் நன்றாக இருக்கும். நம் வெயிலுக்கு உகந்தது. ஆனால் கெட்டி. அதைத் தட்டியோ மிதித்தோ மெத்தென்று ஆக்க முடியாது. மடக்கினால் நார்தான் ஒடியும். அதை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு, மேலே ரெண்டு அங்குல உயரத்துக்கு மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையோ ஃபோம் விரிப்போ போடுங்கள். புது மெத்தை வாங்குவதில் ஒரு பங்கு செலவில் காரியம் முடியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் குழி விழாது.

ஃபோம் மெத்தை: 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பாலியூரிதேன் வம்சம். கடையில் ''32 டென்சிட்டி, 40 டென்சிட்டி'' என்று அடுக்குவார்கள். நாமும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டுவோம். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. அது அதிகமானால் சீக்கிரம் அமுங்கிப் போகாமல் உழைக்கும். மெத்தென்று இருக்குமா, கெட்டியாக இருக்குமா என்பது வேறு சமாசாரம். ரெண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைக்காரர் ஒரு விநாடி திகைப்பார். அப்புறம் மரியாதை கூடும்!

மெமரி ஃபோம்: 1966-ல் அமெரிக்க நாசா, விமான இருக்கைக்காக உருவாக்கிய சரக்கு. உடம்புச் சூடு பட்டால் இளகி, நம் வடிவத்துக்கு வழிவிடும். குளிரில் விறைக்கும். ஆகவே கொடைக்கானலில் படுத்தால் முதலில் பலகை. சென்னை மே மாசத்தில் படுத்தால் அல்வா! உடம்பு உள்ளே புதையப் புதைய வியர்வையும் கூடும். ஃபேன் மட்டும் உள்ள ரூமுக்கு இதை யோசித்து வாங்குங்கள்.

எந்த ரகமானாலும் நடுவில் பள்ளம் விழுந்து எழவே மறுத்தால், அதன் மேல் எத்தனை மென்மையான விரிப்பைப் போட்டாலும் வீண். பள்ளத்தின் மேல் போட்ட கம்பளமும் பள்ளம்தான். அதற்கு மரியாதையாக விடை கொடுத்துவிடுங்கள்.

காசு செலவில்லாத சுகங்கள்!

முதலில் கை சோதனை. மல்லாந்து படுத்துக்கொண்டு இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய் வந்தால் படுக்கை உங்களுக்குக் கெட்டி. மேலே ஒரு அடுக்கு தேவை. கை நுழையவே இடமில்லை, இடுப்பு புதைந்து கிடக்கிறது என்றால் மென்மை ஜாஸ்தி. அடியில் பலகை தேவை. பட்டும் படாமலும் நுழைந்தால்... நீங்கள் அதிர்ஷ்டசாலி, தூங்கப் போகலாம்!

அடுத்து விரிப்பு. கடைப் பளபளப்பைப் பார்த்து பாலியஸ்டர் விரிப்பு வாங்கி, ராத்திரியெல்லாம் வழுக்கி விளையாடுகிறவர்கள் உண்டு. பருத்திதான் நமக்குச் சரி. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற சாமான் உலகத்தில் அது ஒன்றுதான் என்பேன். அம்மாவின் பழைய நூல்புடவை ரெண்டை மடித்துச் சேர்த்துத் தைத்து மெத்தை மேல் போட்டுப் பாருங்கள். எந்த நட்சத்திர ஹோட்டலிலும் அந்த சுகம் கிடைக்காது. விரிப்புக்குக் கஞ்சி மட்டும் போட்டுவிடாதீர்கள். கஞ்சி சட்டைக் காலருக்கு!

தலையணை பெரிய கில்லாடி. மெத்தையின் மேல் நாம் போடுகிற பழியில் பாதி அதைத்தான் சேர வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அகலத்தை நிரப்புகிற உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு மெல்லியது போதும். ஒருக்களிப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணையை வைத்துக்கொண்டால் இடுப்புக்கு இதம். மல்லாந்தவர்கள் அதையே முழங்காலுக்கு அடியில் வைக்கலாம்.

தரையில் மெத்தை போடுகிறவர்கள் அடியில் ஒரு பாய் விரித்து, காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புங்கள். நம் உடம்புச் சூடும் வியர்வையும் தரைக் குளிர்ச்சியும் சேர்ந்தால் அடியில் பூஞ்சணம் பூக்கும்.

பஞ்சு மெத்தைக்கு மாசம் ஒரு வெயில். காலை பத்து மணிக்குப் போட்டு, நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு, மூணு மணிக்கு எடுத்து, பிரம்பால் ரெண்டு பக்கமும் நாலு சாத்து. மேனேஜர் முகத்தை மனசில் நினைத்துக்கொண்டால் கை வேகம் தானே வரும்! ஈரம் போனால் பஞ்சும் உப்பும். தும்மல் வரவைக்கிற தூசிப் பூச்சிகளுக்கும் வாசம் பண்ணத் தோதுப்படாது. ஃபோமையும் மெமரி ஃபோமையும் மட்டும் சுள்ளென்ற வெயிலில் காயப்போடாதீர்கள். அது கெட்டுப்போகும், நிழல் காற்று போதும்.

மூட்டைப்பூச்சி இருந்தால் மேலே சொன்ன எல்லா சுகமும் அம்பேல். மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெயில் பட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். மேலே சுட்டால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். விரிப்பையும் உறையையும் நன்றாகச் சூடான தண்ணீரில் துவையுங்கள். முற்றிப்போயிருந்தால் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். பூச்சி போகிறதோ இல்லையோ, ஒரு தீப்பொறியில் ரூமே போய்விடும்.

ரெண்டு விஷயம் சீரியஸாக. மெத்தையைச் சரிபண்ணின பிறகும் வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ, காலில் மரத்துப்போகிற உணர்ச்சி இருந்தாலோ, அது மெத்தைக்காரர் பார்க்கிற வேலை இல்லை; டாக்டரிடம் போங்கள். இன்னொன்று, இந்த மெத்தெல்லாம் பெரியவர்களுக்குத்தான். நாளைக்குக் கல்யாணமாகி வீட்டில் கைக்குழந்தை வந்தால், அதற்குச் சமமான, கெட்டியான படுக்கைதான். பொசுபொசு மெத்தையும் தலையணையும் பிஞ்சின் மூச்சை அடைக்கக்கூடியவை.

இப்போது மெத்தையை வாக்குவம் பண்ணிச் சுருட்டிப் பெட்டியில் போட்டு வீட்டு வாசலுக்கே அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறந்தால் புஸ்ஸென்று எழுந்து உட்காருகிறது. பார்க்க வேடிக்கைதான். ஆனால் அது அமுங்கிப்போனால் பிரித்துக் கொட்டித் தைத்துத் தர ஆள் கிடையாது. தூக்கிப் போட வேண்டியதுதான். பெரியவருடையது மாதிரி கடைகள் சந்துக்குச் சந்து இருந்தது போய், தேடிப் போக வேண்டியதாகிவிட்டது. உங்கள் பேட்டையில் ஒன்று மிச்சம் இருந்தால் விசாரித்து வையுங்கள். சட்டையைக் கிழிந்த இடத்தில் தைத்துப் போடுகிற மாதிரி, தூக்கத்தையும் தைத்துக் கொடுக்கிற மனுஷர்கள் அவர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மெத்தை மொட்டை மாடிக்குப் போகட்டும். ஒரு கை பிடிக்க ஆள் வேண்டுமா? பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்கள். ''ஞாயித்துக்கிழமைகூடத் தூங்க விட மாட்டியா?'' என்று திட்ட மாட்டார். அவர் ராத்திரி பூராவும் முழித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்...

அவருடைய மெத்தையும் ரூமோட வந்ததுதானே ஸார்!